இன்னிக்குக் கஞ்சி யார் பேருல?

இன்று காலை உன்னைக் கேட்டு ஒரு போன் வந்தது.

நீ பேர் வெட்டிக் கொடுத்த டம்ளரில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். விளிம்புக்குக் கீழே 'ஹலோ' என்று வெட்டியிருக்குமே, அதே டம்ளர். பாதி டீயில் மணி அடித்தது. எடுத்தால் ஒரு சின்னப் பொண்ணு. குரலை வைத்து வயசைச் சொல்லிவிடுவேன் என்பதுதான் உனக்குத் தெரியுமே, காலேஜ் முடித்து முதல் வேலைக்கு வந்த குரல். "வணக்கம் மேடம்" என்று ஆரம்பித்து உன் முழுப் பேரையும் சொன்னாள். உன் அத்தா வைத்த பேர், ரேஷன் கார்டில் இருக்கிற பேர். நான் உன்னை ஒரு நாளும் அந்தப் பேரில் கூப்பிட்டதில்லை. "அவங்க இருக்காங்களா மேடம்? ஒரு ஹெல்த் பாலிசி விஷயமா அவங்ககிட்ட பேசணும்."

ஹெல்த் பாலிசியாம். அதுவும் உனக்கு. நீ போய் மூன்று நோன்புப் பெருநாள் வந்து போய்விட்டது.

என் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழி கிழியென்று கிழித்தேன். "இந்த நம்பர் உனக்கு யார் குடுத்தது? எந்த வூட்டுல போயி யாரைக் கேக்கறேன்னு தெரியுமா உனக்கு? உன் மேனேஜரைக் கூப்பிடு" என்றேன். அந்தப் பிள்ளை "சாரி மேடம், சாரி மேடம்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் யோசித்தேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? முன்னால் இருந்த பேரைப் படித்தாள், அவ்வளவுதான். என் வீட்டுக்குள் ஒருத்தி வந்து உன்னைக் கேட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

டீ ஆறிப் போயிற்று. அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் உன்னோடு பேச வேண்டும்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே ஒரு சண்டையில்தான், ஞாபகம் இருக்கிறதா? நான் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, அந்த வேலை இல்லாமல் போனதும் புகார் கவுண்டருக்கு மாற்றப்பட்டிருந்தேன். நீ உன் பாத்திரக் கடை போன் டெட்டாகிக் கிடக்கிறது என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாய். "ஏனுங்க, கல்யாண சீசனுங்க. ஊரெல்லாம் அண்டா கேட்டு போன் பண்ணுவாங்க, எனக்கு மணியே அடிக்க மாட்டேங்குதுங்க. நீங்க என்னத்துக்கு இங்க உக்காந்திருக்கீங்க?" என்றாய். நானும் விடவில்லை. கடைசியில் லைன்மேனோடு நானே கடைக்கு வந்தேன். ஒயரை எலி கடித்திருந்தது. நீ சிரித்த சிரிப்பில் அடுக்கி வைத்திருந்த தாம்பாளமே அதிர்ந்தது. அன்றைக்கு நீ எனக்கு வைத்த பேர்தான் 'ஹலோ'. அதுவரை இருந்த "வாங்க, போங்க" எல்லாம் அன்றோடு போயிற்று. மறுநாள் டம்ளரில் அந்தப் பேரை வெட்டியே கொடுத்துவிட்டாய்.

பேர் வெட்டுகிற மெஷினில் நீ உட்காரும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தாய். சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் சரி, அந்தப் பேரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பாய். "மா.முனியம்மாள்" என்பாய். அப்புறம் டர்ர்ர் என்று சத்தம். பாகலூர்ப் பக்கத்து ஆள் வந்தால் கன்னடத்தில் ஒருதரம் கேட்டு உறுதி செய்துகொள்வாய். "வாயில வந்தாத்தான் கையில தப்பு வராது" என்பாய்.

உன் வீட்டுக்காரர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மாதம்தான் எல்லாம் ஆரம்பித்தது. சிகிச்சைக்குப் படுத்தவர்களுக்குச் சாப்பாடு உண்டு, கூட வந்தவர்களுக்குக் கிடையாது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், அரூர்ப் பக்கத்துக்காரர்கள், மரத்தடியில் துண்டை விரித்துப் பசியோடு கிடப்பார்கள். அவர் தேறி வீட்டுக்கு வந்ததும் நீ என்னிடம் சொன்னாய்: "கல்யாணம் இல்லாத மாசத்துல அண்டா சும்மா கவுந்துதானே கிடக்குது? நோன்புக் கஞ்சி காய்ச்சற கை எனக்கு. வா, காய்ச்சலாம்." நொய்யரிசியும் பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் வெந்து, கடைசியில் தேங்காய்ப்பால் விழும்போது ஒரு வாசம் வருமே, ஆஸ்பத்திரி டெட்டால் வாசத்தைத் தள்ளிக்கொண்டு அது முன்னால் போகும். டம்ளரும் தூக்கும் பிளாஸ்டிக் மக்கும் ஏந்தி வரிசை நிற்கும்.

கஞ்சிக்குக் காசு கொடுக்க ஆட்கள் தானாக வந்தார்கள். ரசீது போடுவது என் வேலை. "யார் பேருல போடட்டுமுங்க?" என்று கேட்பேன். ஒருத்தராவது தன் பேரைச் சொன்னார்களா? "எங்கம்மா பேருல போடுங்க." "எங்க வூட்டுக்காரி பேருல." "போன புள்ளை பேருல." போனவர்கள் பேரைப் போடுவேன், பக்கத்திலேயே காசு கொடுத்தவர்களின் போன் நம்பரைக் குறிப்பேன். அடுத்த வருஷம் அந்த நாள் வரும்போது ஞாபகப்படுத்த நம்பர் வேண்டும் அல்லவா? உன் மகன் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவான். இதில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஊரே அப்படித்தான் கொடுக்கிறது.

காலையில் முதல் கரண்டி விழும் முன் நீ அண்டா பக்கத்தில் நின்று உரக்கச் சொல்வாய்: "இன்னிக்குக் கஞ்சி மாதேஷ் பேருல!" வரிசையில் நிற்கிறவர்களுக்கு மாதேஷ் யாரென்று தெரியாது. ஆனாலும் யாராவது ஒரு கிழவி "நல்லாருக்கட்டும் சாமி" என்பாள். பேர் வெட்டும் முன் வாய்விட்டுச் சொல்வாயே, அதையேதான் இங்கேயும் கொண்டுவந்தாய்.

மாதேஷைச் சொன்னதால் பாப்பாத்தியம்மாவையும் சொல்லிவிடுகிறேன். பொம்மிடிக்காரம்மா. ஒரே மகன். பைக்கில் விழுந்து அவன் உள்ளே கிடந்தபோது நம் கஞ்சியைக் குடித்துக்கொண்டு வெளியே காத்திருந்தவள். அவன் திரும்பவில்லை. அடுத்த வருஷம் அதே நாளில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். "எம்மவன் பேருல ஒரு நாளு ஊத்துங்க கண்ணு" என்றாள். நீ அந்தப் பேரைக் கூவியபோது வரிசையின் கடைசியில் நின்று கேட்டுவிட்டு, கஞ்சி வாங்காமலே ரயிலேறிப் போனாள். வருஷா வருஷம் வருவாள்.

அப்புறம் அந்த வருஷம். அரிசி விலை ஏறி, கேஸ் விலை ஏறி, அடுத்த மாதம் அண்டாவைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று நாம் உட்கார்ந்திருந்தபோது, பெங்களூரிலிருந்து இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருத்தன் உன் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். கொடுக்கிற மனசு இருக்கிறவர்களின் பேரும் நம்பரும் மட்டும் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றான். பதிலுக்கு ஒரு வருஷத்து அரிசிக்கு வழி செய்வதாகச் சொன்னான். நல்ல மரியாதையாகத்தான் பேசினான், அதையும் சொல்ல வேண்டும்.

அவன் போனதும் நமக்குள் வந்த சண்டை இருக்கிறதே! ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சண்டை போட்டோம்.

"குடுக்கக் கூடாது" என்றேன். "எக்சேஞ்சுல யாரு யார்கூடப் பேசறாங்கன்னு எங்க காதுல விழும். நாக்குல வரக் கூடாது. வந்தா வேலை போயிரும்."

"அது சர்க்கார் வேலைடி. இது கஞ்சி."

"நம்மகிட்ட நம்பிச் சொன்ன நம்பர்."

"பேரும் நம்பரும்தானே? கல்யாணப் பத்திரிகையில போடறான், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போட்டோவோட போடறான். அங்க டம்ளரை வெச்சிக்கிட்டு நிக்கறாங்க பாரு, அவங்ககிட்டப் போயி உன் எக்சேஞ்சு சட்டத்தைச் சொல்லு. குடிச்சுப்பாங்க."

இன்றைக்கும் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பசியைக் காட்டி ஒருத்தி பேசினால் எதிரில் நிற்கிறவள் என்ன பேசுவாள்? நீ பட்டியலைக் கொடுத்தாய். அரிசி மூட்டை வந்து இறங்கியது. நான் உன்னோடு பேசாமல் ரசீது மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் போன் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடமிருந்து வந்தது. கடை போனை நான்தான் எடுத்தேன். "என் வூட்டுக்காரிக்கு லோன் வேணுமான்னு கேக்கறான் ஒருத்தன். 'மேடம்கிட்ட குடுங்க, அவங்ககிட்டதான் பேசணும்'கிறான். நான் யாருகிட்டங்க குடுக்கறது? எங்க போயிக் குடுக்கறது?" என்றார். அவர் குரல் உடைந்ததை நான் கேட்டேன். எத்தனையோ குரல்களைக் கேட்டவள் நான், அது காதை விட்டுப் போகவே இல்லை. அடுத்தடுத்து வந்தது. ஒருத்தருடைய அப்பாவுக்கு முழங்கால் தைலம். எட்டாவது படிக்கையில் போன ஒரு பெண் குழந்தைக்கு நகைச் சீட்டு.

நான் சொல்லச் சொல்ல நீ மெஷினை நிறுத்தினாய். ஊசி பாத்திரத்தின் மேலேயே இருந்தது. "யா அல்லா" என்றாய். அப்போதுதான் நம் இரண்டு பேருக்குமே உறைத்தது. ரசீதில் இருந்த பேர் எதுவும் கொடுத்தவர்களின் பேர் இல்லை. நாம் விற்றது போனவர்களின் பட்டியல்.

நான் வேண்டாமென்றபோதுகூட இதை யோசித்து வேண்டாமென்று சொல்லவில்லை. விதியைச் சொன்னேனே தவிர, என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. அதனால்தான் "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தையை உன்னிடம் ஒரு நாளும் சொல்ல முடியவில்லை. சொல்ல வாய் துறுதுறுத்தது, அது வேறு விஷயம்.

அந்த பெங்களூர் ஆளுக்கு நீ போன் போட்டாய். அரிசியைத் திருப்பி எடுத்துக்கொள், பேர்களைத் திருப்பிக் கொடு என்றாய். அவன் சிரித்தான். "அது எங்கெங்கயோ போயிருச்சு ஆன்ட்டி. எப்படித் திருப்பறது?" என்றான். போனை வைத்துவிட்டு, எதிரில் இருந்த சொம்பைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "பாத்திரத்துல வெட்டின பேரைக்கூடத் தேய்ச்சு எடுத்துரலாம்டி. இதை என்ன பண்ணறது?"

வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்தாய். போனில் சொல்லிவிடலாமே என்று கேட்டேன். "போன்னாலே அவங்க இப்ப எடுக்கப் பயப்படுவாங்க. நேர்ல போவோம்" என்றாய். சர்க்கரை வியாதிக் காலோடு பஸ் ஏறி இறங்கினாய். பாலக்கோடு, அரூர், தீர்த்தமலை அடிவாரம் என்று போனோம். சிலர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். சிலர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார்கள். வாத்தியார் கதவைத் திறந்து, நீ சொன்னதை முழுக்கக் கேட்டு, "அவ பேரை இனிமே அங்க சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். நீ அந்தக் கதவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு இறங்கினாய்.

கடைசியாகத்தான் பொம்மிடி. அங்கே போகத்தான் நீ ரொம்பப் பயந்தாய். பாப்பாத்தியம்மா நம்மைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கட்டிலை இழுத்துப் போட்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தை ஆரம்பித்தாய். முடிக்கவே விடவில்லை.

"ஆமாங் கண்ணு, ஒரு புள்ளை கூப்புடுது. 'மாதேஷ் சார் இருக்காங்களா'ங்குது. சாராம்! எம்மவனை ஒருத்தரும் சாருன்னு கூப்புட்டதில்ல. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? 'வெளிய போயிருக்கான் கண்ணு, சாயங்காலம் கூப்புடு'ன்னு சொல்லிப்புட்டேன். சாயங்காலமும் கூப்புடுதுங்க! நீங்க எதும் சொல்லி நிறுத்திப்புடாதீங்க. அவன் போனதுல இருந்து அவனைக் கேட்டு ஒரு ஆளு வரலீங்க. கூட்டாளிங்க எல்லாம் என்னைப் பாத்தா அந்தப் பக்கமாப் போயிடறானுங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வந்தது. அந்தப் பிள்ளை ஏதோ மருத்துவ அட்டை என்று சொல்லியிருக்கிறது. வேண்டாமென்றால் இனிமேல் கூப்பிடாமல் போய்விடுமே என்று பயந்து, மாதேஷ் பேரில் அதை வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். மாசாமாசம் கட்ட வேண்டும். செத்துப்போன பிள்ளைக்கு வைத்தியச் செலவு அட்டை. களையெடுத்து வந்த கூலியில் ஒரு தவணை கட்டியும் விட்டாள்.

ரயில்வே கேட் பக்கம் வந்து நீ அழுதாய். உன்னைத் தேற்றுகிறேன் என்று நான் ஒரு பைத்தியக்காரத்தனமான பேச்சுப் பேசினேன். "அவங்க சந்தோசமாத்தானே இருக்காங்க?" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தாய் பார், உன் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அதான்டி எனக்குத் தாங்கல. திட்டியிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடறதுக்குத்தான் அந்தம்மா நம்மகிட்டக் குடுத்துச்சு. அந்த ஆசையையே பிடிச்சு எவனோ அதுகிட்டக் காசு புடுங்கறான். வழி காட்டி விட்டது நான்."

அட்டை விஷயத்தை நான் பார்த்துக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஆள் மாற்றி ஆளாகப் பேசி, கட்டினதைத் திரும்ப வாங்கும்வரை விடவில்லை. என் வாழ்நாள் சர்வீஸ் அதற்காவது உதவிற்று. அந்தப் பிள்ளையின் போனும் நின்றது. நின்றால் பாப்பாத்தியம்மா என்ன செய்வாள் என்று நான் யோசிக்கவே இல்லை. நீ யோசித்திருந்தாய்.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் முடிந்து கடை வெறிச்சென்று இருந்தது. நீ போனை எடுத்து நம்பரைப் போட்டாய். தொண்டையைச் செருமிக்கொண்டாய்.

"ஹலோ, மாதேஷ் இருக்கானுங்களா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். "வெளிய போயிருக்கானா? சரி, அவன் வர்ற வரைக்கும் உங்ககிட்டப் பேசறேன். அவன் சின்னதுல எப்படிங்க, குறும்பா?" அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பேசுவது நீ என்று அவளுக்கு முதல் வார்த்தையிலேயே தெரியும். தெரியும் என்று உனக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நீ தவறவிட்டதில்லை.

ரசீதில் நம்பர் வாங்குவதை அன்றோடு நிறுத்தினோம். கம்ப்யூட்டரில் இருந்ததை உன் மகனை உட்கார வைத்து அழிக்கச் சொன்னாய். நம்பர் இல்லாததால் ஞாபகப்படுத்த முடியவில்லை, பல பேர் மறந்துபோனார்கள். தினமும் கொதித்த அண்டா வாரத்தில் பாதி நாள்தான் கொதித்தது. "குறைஞ்சா குறையட்டும், காய்ச்சற அன்னிக்கு நிம்மதியாக் காய்ச்சுவோம்" என்றாய். கஞ்சி இல்லாத நாட்களில் ஆஸ்பத்திரி வாசல் பக்கமே நீ போகமாட்டாய். அந்த வரிசையை உன்னால் மறக்க முடியவில்லை. நீ சொன்னது நியாயம், நான் சொன்னதும் நியாயம். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் கடைசி வரைக்கும் கஞ்சி காய்ச்சினோம்.

நீ அதே ஆஸ்பத்திரியில் படுத்தபோது, உன் மகன் வாசலில் காய்ச்சிய கஞ்சியின் வெந்தய வாசம் ஒரு காலையில் ஜன்னல் வழியே வந்தது. உதட்டை மட்டும் அசைத்து என்னைக் கேட்டாய்: "இன்னிக்கு யார் பேருல?" ஓடிப்போய்க் கேட்டு வந்து சொன்னேன். அந்தப் பேரை ஒருதரம் வாய்விட்டுச் சொன்னாய். நீ என் காது கேட்கப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான், யாரோ ஒரு முகம் தெரியாதவரின் பேர்.

உன்னைக் கொண்டுபோனபோது கபர்ஸ்தான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதற்குமேல் நான் வர முடியாது. வீட்டுக்கு வந்து இந்த டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். என்னை ஹலோ என்று கூப்பிட இனி ஆள் இல்லை.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு முதியோர் இல்லத்துக்கு உன் பேரில் ஒரு நாள் சாப்பாடு கொடுத்தேன். "ரசீது எஸ்.எம்.எஸ்ல வரும், நம்பர் சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். வேறெங்கும் உன் பேரும் என் நம்பரும் சேர்ந்து இருந்ததில்லை. அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும். நாளைக்கு நேரில் போகிறேன். உன்னை மாதிரி அடக்கமாகப் பேச எனக்கு வராது, சண்டைதான் போடுவேன். ஆனால் அவர்கள் சமையல்கட்டில் அரிசி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் போடுவேன். அதை உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பொண்ணு போனை வைத்ததும் பொம்மிடிக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை போன் இப்போது என்னுடையது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை, இருந்தாலும் போட்டேன். "மாதேஷ் இருக்கானா?" என்று கேட்கக்கூட மறந்து, நடந்ததைக் கொட்டினேன். "அவ முழுப் பேரையும் சொல்லிக் கேட்டாங்க பாப்பாத்தியம்மா, அவ இருக்காளான்னு கேட்டாங்க" என்று உன் பேரைச் சொன்னேன். பிறகு லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அவள்தான். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம், நீ செய்வாயே, அதே மாதிரி.

"ஹலோ" என்றாள். அப்புறம் உன் பேரைச் சொன்னாள், முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக. "அவங்க இருக்காங்களா கண்ணு?"

கையில் நீ கொடுத்த டம்ளர் இருந்தது.

"வெளிய போயிருக்கா" என்றேன். "வர்ற வரைக்கும் என்கிட்டப் பேசுங்க."